யார் பற்றில் எழுதுகிறார்கள் இந்த விமானங்களை?

முதலில் இரண்டு எண்கள். இரண்டும் இலங்கையில், 2021ஆம் வருஷம், மூன்று மாத இடைவெளியில் வந்தவை.

மார்ச் மாதம். மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நாள்கூலி ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். இலங்கை ரூபாய். அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருஷம் மறியல், எத்தனை பேச்சுவார்த்தை! 2018இல் மலையகத்துப் பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கொழும்பு காலிமுகத்திடலில் கூடிக் கேட்டார்கள். 'கட்டுப்படியாகாது' என்பதுதான் கம்பெனிகளின் ஒரே பதில். அறிவிப்பு வந்த பிறகும் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். இத்தனை கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுக்கூலி என்று அளவைக் கூட்டினார்கள்.

ஜூன் மாதம். இலங்கை விமானப்படையின் ஐந்து பழைய கிபிர் விமானங்களைப் புதுப்பித்துத் தர ஒப்பந்தமாகியிருப்பதாக இஸ்ரேலின் அரசு விமானக் கம்பெனி அறிவித்தது. தொகை 5 கோடி டாலர். கட்டுப்படியாகாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

நான் பேங்கில் குமாஸ்தா. கவிதை வராவிட்டாலும் கணக்கு வரும். போட்டுப் பார்ப்போம். அன்றைக்கு டாலர் விலை ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். 5 கோடி டாலர் என்றால் 1,000 கோடி ரூபாய். நாள்கூலி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு கோடி நாள். வருஷத்துக்கு 300 நாள் வீதம் முப்பது வருஷம் ஒரு பொம்பளை கூடை சுமந்தால் அவள் ஆயுளில் 9,000 நாள். ஒரு கோடியை ஒன்பதாயிரத்தால் வகுங்கள். ஆயிரத்து நூற்றுப் பதினோரு பெண்களின் முழு உழைப்பு ஆயுள். விமானத்துக்கு 222 பெண்கள். அதுவும் புது விமானத்துக்கு இல்லை, பழசைப் பழுது பார்க்க.

'ஒரு சின்ன நாடு புதிய போர் விமானம் வாங்க முடியுமா?' இப்படி ஒரு கேள்வியைப் பத்திரிகைகளில் பெரிய பெரிய நிபுணர்கள் அலசுகிறார்கள். மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம், அண்டை நாட்டிடம் எத்தனை இருக்கிறது, எந்த நாட்டு எஞ்சின் நல்லது... இந்த அலசலில் கொழுந்து பறிக்கிறவள் எங்கேயும் வருவதில்லை. நம் கேள்வி வேறு. விமானம் வாங்குகிறார்களே, அதை யாருடைய பற்றில் எழுதுகிறார்கள்?

*

"இலங்கைக்காரன் கிபிர் வாங்கினா தென்காசியில உங்களுக்கு என்ன வே?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்தியதில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் போன பறையர், பள்ளர், சக்கிலியர்தான் அதில் பெரும்பகுதி. காட்டை அழித்துக் காப்பி வைத்தார்கள், காப்பி நோயில் போனதும் தேயிலை வைத்தார்கள். அந்தத் தீவுக்கு டாலர் கொண்டுவந்து கொடுத்த பயிர் அது. 1948இல் சுதந்திரம் வந்த கையோடு சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்களை எண்ணிக்கையாக மட்டுமே பார்த்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரை எங்கே குடிவைத்தார்கள்? குற்றாலத்தில் நமக்குச் சாரல் அடிக்கிறதே, அந்த மலைக்கு அந்தப் பக்கம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாய் இறங்கினால் புனலூர். அங்கே 1976இல் மறுவாழ்வுத் தோட்டக் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்திக் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்ட விட்டார்கள். அங்கே கொழுந்து, இங்கே பால். நமக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மலைதான். சொந்தம் விட்டுப்போகவில்லை தோழர்.

அந்தத் தீவு வாங்கிய விமானங்கள் என்ன செய்தன? கிபிர் 1996இல் வந்தது. அது வருவதற்கு முன்பே, 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு செஞ்சோலை வளாகத்தில் கிபிர் போட்ட குண்டில் செத்தவர்கள் பள்ளி மாணவிகள். வன்னியில் 'கிபிர்' என்ற சொல்லைக் கேட்டாலே குழந்தைகள் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து 2021இல் கிபிரைப் புதுப்பிக்கிறார்களே, யாரோடு சண்டை? இந்தியாவோடா? இடையில், 2011 மார்ச் 1ஆம் தேதி, விமானப்படையின் அறுபதாம் ஆண்டு விழா ஒத்திகையில் இரண்டு கிபிர்கள் நடுவானில் மோதி விழுந்து ஒரு விமானி செத்துப்போனார். எதிரி சுடவில்லை. அலங்காரத்துக்குப் பறந்தபோது விழுந்தது.

விமான பேரத்தில் கைமாறும் பணத்தைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே ஆதாரம் இருக்கிறது. 2006இல் உக்ரைனிலிருந்து நான்கு பழைய மிக்-27 வாங்கினார்கள். பணம் போன வழி சரியில்லை, நடுவில் ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனி இருக்கிறது என்று 'சண்டே லீடர்' 2007இல் எழுதியது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் தேதி நடுரோட்டில் கொல்லப்பட்டார். கொன்றதற்காக இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

*

இனி ஒரு வங்கிக் கணக்கு. இது எளிதான விஷயம், ஆனால் யாரும் விளக்குவதில்லை.

விமானத்தின் விலை டாலரில். கூலி ரூபாயில். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அதற்கு முன்பே மார்ச்சில் பரீட்சை நடத்தத் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். பால்மாவுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பெட்ரோல் வரிசையில் நின்றபடியே ஆள் செத்தான். 200 ரூபாயாக இருந்த டாலர் 360 ஆயிட்டு. என்ன நடந்தது என்று பாருங்கள். ஐந்து டாலராக இருந்த ஆயிரம் ரூபாய்க் கூலி மூன்று டாலருக்கும் கீழே இறங்கியது. 5 கோடி டாலர் பாக்கியோ, ரூபாயில் 1,000 கோடியிலிருந்து 1,800 கோடிக்கு ஏறிவிட்டது. ஒரு கோடி நாள் கூலிக்குச் சமமாக இருந்த அதே ஐந்து விமானம், ஒரு கோடியே எண்பது லட்சம் நாள் கூலிக்குச் சமமாகிவிட்டது. விமானம் ஒரு அங்குலம் வளரவில்லை. நம் ஆளின் ஒரு நாள்தான் சுருங்கிப்போயிற்று.

கிபிரால்தான் இலங்கை திவாலானது என்று நான் சொல்ல வரவில்லை. 2019இல் பணக்காரனுக்கு வரியைக் குறைத்தது, கொரோனாவில் சுற்றுலா படுத்தது, 2021இல் ஒரே ராத்திரியில் ரசாயன உரத்தைத் தடை செய்து விவசாயத்தைக் கெடுத்தது, கடனுக்கு மேல் கடன் வாங்கியது என்று பல காரணம். 5 கோடி டாலர் அதில் சின்னத் தொகை. ஆனால் கஜானா காலியாகிக்கொண்டு வருகிற வருஷத்திலும் 'இதைத் தள்ளிவைப்போம்' என்று யாருக்கும் தோன்றாத செலவு எது என்பதுதான் ஒரு ஆட்சியின் மனசைக் காட்டும்.

போர் விமானம் ஒரு தடவை வாங்கி முடிகிற சாமான் கிடையாது. எஞ்சினுக்கு ஆயுள் உண்டு. உதிரி பாகம் விற்றவனிடம்தான் கிடைக்கும், அவன் சொன்னதுதான் விலை. ரேடார் பழசானால் மாற்ற வேண்டும், ஏவுகணை காலாவதியானால் புதிதாக வாங்க வேண்டும். 'யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழலாமா' என்பார்கள் நம் ஊரில். விமானக் கம்பெனிக்காரன் பிழைப்பதே அந்தப் பழமொழியில்தான். யானையை விற்றுவிட்டு முப்பது வருஷம் அங்குசம் விற்பான்.

*

இலங்கை சின்ன நாடு, சரி. நம் 'பாரத தேசம்' பெரிய நாடாயிற்றே, இங்கே கதை வேறா?

இங்கேயும் இரண்டு எண்கள் தருகிறேன். இந்தத் தடவை வகுக்கக்கூட வேண்டியதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

2016 செப்டம்பர் 23: பிரான்சிடம் 36 ரஃபேல் வாங்க ஒப்பந்தம். ஆயுதம், உதிரி பாகம் எல்லாம் சேர்த்து 787 கோடி யூரோ. நம் பணத்தில் சுமார் 59,000 கோடி ரூபாய்.

2020 டிசம்பர் 23: பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல். ஐந்து வருஷத்துக்கு, நாடு முழுமைக்கும், நான்கு கோடி மாணவர்களுக்கு, மாநிலங்களின் பங்கான 40 சதவீதமும் சேர்த்து 59,048 கோடி ரூபாய்.

36 விமானம். நான்கு கோடிப் பிள்ளைகள். ஒரே தொகை. ஒரு ரஃபேல் நம் பிள்ளைகள் பதினோரு லட்சம் பேருக்குச் சமம்.

தொகைதான் ஒன்று, வந்த வழி ஒன்றில்லை. 2017க்குப் பிறகு, 'மாநிலத்தின் கடப்பாட்டுத் தொகை' என்று ஒரு கணக்கைச் சொல்லி டெல்லி தன் பங்கைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டது. நாலைந்து வருஷம் நாடெங்கும் பாக்கி. 'அரசாணை 92 இருக்கிறது, தாழ்த்தப்பட்ட மாணவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது' என்று நம் தோழர்கள் ஒவ்வொரு சுயநிதிக் கல்லூரி வாசலிலும் நின்று கத்த வேண்டியிருந்தது. உதவித்தொகைக்கு உத்தரவு வந்த அதே 2020இல், ஜூலை 29 அன்று, முதல் ஐந்து ரஃபேல் அம்பாலாவில் இறங்கியது. அதற்குத் தண்ணீர் பீய்ச்சி வரவேற்பு. டிவி முழுக்க நேரலை.

அதே 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா தூக்கில் தொங்கினான். அவனுக்கு வரவேண்டிய ஆராய்ச்சி உதவித்தொகை ஏழு மாதம் பாக்கி. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய். அந்தப் பணம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அவனை அவமதிப்பதாகும். விடுதியை விட்டுத் துரத்தியது சாதி. ஆனாலும் நிதி இல்லை, கோப்பு நிலுவையில் இருக்கிறது என்கிற சொற்கள் எப்போதும் யாரைப் பார்த்து வருகின்றன என்று கவனியுங்கள். ரஃபேலைப் பார்த்து யாராவது கோப்பு நிலுவை என்றார்களா?

இன்னொன்று. உதவித்தொகை கேட்கிற பிள்ளை சாதிச் சான்று வைக்க வேண்டும், வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று வருமானச் சான்று வைக்க வேண்டும், ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைக்க வேண்டும், வருகைப் பதிவு சரியாக இருக்க வேண்டும். கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற அம்மாக்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கவுண்டருக்கு வருவார்கள். "சார், பணம் ஏறிட்டாண்ணு பாருங்க" என்பார்கள். கணக்கைத் திறந்து பார்த்து 'ஏறல' என்று சொல்கிற வாய் என்னுடையது. அம்பதினாயிரத்துக்கு இத்தனை சான்று. 59,000 கோடிக்கு? 2019இல் தணிக்கைத் துறை நாடாளுமன்றத்தில் வைத்த ரஃபேல் அறிக்கையில் விலை விவரத்தை மறைத்திருந்தார்கள். கேட்டால் 'தேசப் பாதுகாப்பு'. பீடிக்காரம்மாவின் வருமானம் ஊர் அறிய வேண்டும், விமானத்தின் விலையை நாடாளுமன்றமே அறியக் கூடாது!

இட ஒதுக்கீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்காதீர்கள். முதலில் பேசியது 126 விமானம். அதில் 108ஐப் பொதுத்துறையான எச்.ஏ.எல். பெங்களூரில் கட்டுவதாகப் பேச்சு. பொதுத்துறை என்றால் நம் ஆள் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒதுக்கீட்டில் உள்ளே போவான், ஃபிட்டர் ஆவான், வெல்டர் ஆவான். 2015இல் அதை மாற்றி, கட்டி முடித்த 36ஐ அப்படியே பிரான்சிலிருந்து வாங்குவதென்று பாரீசில் அறிவித்தார்கள். ஈடாக இங்கே தருகிற வேலைகள் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளுக்கு. தனியாரில் ஒதுக்கீடு ஏது?

2025இல் மட்டும், ஏப்ரலில் கடற்படைக்கு 26 ரஃபேல் சுமார் 63,000 கோடி, செப்டம்பரில் 97 தேஜஸ் 62,370 கோடி. ஐந்தே மாதத்தில் ஒன்றேகால் லட்சம் கோடி. தேஜஸாவது எச்.ஏ.எல்.லில் கட்டப்படுகிறது, அந்த அளவுக்குப் பரவாயில்லை. ஆனால் சாக்கடைக்குள் மனுசன் இறங்காமல் இருக்க, எந்திரமும் மாற்று வேலையும் கொடுக்க 'நமஸ்தே' என்று ஒரு திட்டம் போட்டார்களே, மூன்று வருஷத்துக்கு, இந்தியா முழுமைக்கும் அதற்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 350 கோடி. ஒரு ரஃபேலில் கால்வாசிகூட இல்லை. வானத்துக்கு எந்திரம் வாங்கத் தெரிந்தவர்களுக்குச் சாக்கடைக்கு எந்திரம் வாங்க மட்டும் தெரியவில்லை.

*

"அப்போ பாகிஸ்தான்காரன், சீனாக்காரன் வந்தா என்ன செய்வீங்க? அறிக்கை விடுவீங்களா?" இது வரும். வரட்டும்.

நாம் நாட்டைக் காக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 1941இல் மகார் ரெஜிமெண்ட் அமைந்தது, அதற்காகப் பாடுபட்டவர்களில் பாபாசாகேப் ஒருவர். 1943இல் அமைத்த சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்தே விட்டார்கள். எல்லையில் சாக நம் ஆள் எப்போதும் முன்வரிசை. பாதுகாப்புக்குச் செலவு வேண்டாம் என்பதல்ல வாதம். எது பாதுகாப்பு, எவ்வளவு, யார் தீர்மானிப்பது என்பதுதான்.

இதை முதலில் கேட்டது நாமும் அல்ல. 1951இல் அமைச்சர் பதவியை விட்டு விலகியபோது அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் படியுங்கள். இந்துச் சட்டத் தொகுப்பைக் கைவிட்டதற்காக விலகினார் என்று மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதே அறிக்கையில், வருஷ வருமானம் 350 கோடியில் 180 கோடியை ராணுவத்துக்குக் கொட்டுகிறோம், இதற்கு உலகத்தில் இணையில்லை என்று கணக்குப் போட்டுக் கண்டித்திருக்கிறார். நண்பர்களைச் சம்பாதிக்காத வெளியுறவுக் கொள்கையின் விலை அது என்றார். தாழ்த்தப்பட்டவர்களைக் கைவிட்டதையும் அதே அறிக்கையில்தான் சொன்னார். இரண்டும் ஒரே காகிதத்தில் இருப்பது தற்செயலா? அவர் பொருளாதாரம் படித்தவர். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று என்று தெரிந்தவர்.

சின்ன நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. நியூசிலாந்து 2000இல் அமெரிக்க எஃப்-16 ஒப்பந்தத்தை ரத்து செய்தது, 2001இல் சண்டை விமானப் பிரிவையே கலைத்தது. அந்த நாட்டை யாரும் பிடித்துக்கொண்டு போய்விடவில்லை. கோஸ்டா ரிக்கா 1948இல் ராணுவத்தையே கலைத்தது. சுவிட்சர்லாந்தில் 2014 மே மாதம் சுவீடனின் கிரிபென் விமானம் வாங்கலாமா என்று ஜனங்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள், ஜனங்கள் வேண்டாம் என்றார்கள், அரசு வாங்கவில்லை. 2020இல் மறுபடி கேட்டார்கள். மயிரிழையில், 50.1 சதவீதம் பேர் சரி என்றார்கள், வாங்கப் போனார்கள். சரி என்றதும் வேண்டாம் என்றதும் அவர்கள் பாடு. நான் சொல்வது, கேட்டார்கள் என்பதை. அக்கம்பக்கத்தில் பகையே இல்லாத நாடுகளை இங்கே ஒப்பிடலாமா என்றால், ஒப்பிட வேண்டாம். கேட்கிற முறையை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாமே? இங்கே சேரியில் எவன் வந்து, 'ஏலே, உன் பிள்ளைகள் பதினோரு லட்சம் பேரின் படிப்புக்கு ஒரு விமானம், சம்மதமா' என்று கேட்டான்?

பெரிய நாடு, சின்ன நாடு என்பது வரைபடக் கணக்கு. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற இந்தப் பெரிய நாட்டுக்குள் ஊருக்கு வெளியே ஒரு சின்ன நாடு இருக்கிறது. அதற்குத் தனிச் சுடுகாடு உண்டு, தனி டம்ளர் உண்டு, பட்ஜெட்டில் சிறப்புக்கூறுத் திட்டம் என்று தனி நிதிகூட உண்டு. டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு அந்த நிதியிலிருந்து பல நூறு கோடியை எடுத்துக்கொண்டார்கள், கேள்வி எழுந்த பிறகு எடுத்ததை ஒப்புக்கொண்டார்கள். நுவரெலியா லயன் வீடுகளிலும் அந்தச் சின்ன நாடுதான். வல்லரசுகள் வாங்குகிற ஒவ்வொரு விமானமும் இந்தச் சின்ன நாட்டின் பற்றில்தான் எழுதப்படுகிறது.

தோழர்களே, மாணவர்களே, செய்ய வேண்டியது மூன்று. உங்கள் கல்லூரியில் உதவித்தொகை எத்தனை பேருக்கு எத்தனை மாதம் பாக்கி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பதிலைப் பெயர்ப்பட்டியல் இல்லாமல் தொகையாக இதழுக்கு அனுப்புங்கள். சிறப்புக்கூறு நிதி எங்கே போகிறது என்று ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் நம் தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் எழுத்தில் கேளுங்கள், 'தனித்தொகுதி' உறுப்பினரிடம் கூடுதலாகக் கேளுங்கள். தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதிதான், மறந்துவிட வேண்டாம். மூன்றாவது, விமான விலையைத் தேசரகசியம் என்று மறைக்காதே, நாடாளுமன்றத்தில் வை என்று நம் கூட்டங்களின் தீர்மானத்தில் ஒரு வரி சேருங்கள். நம் இயக்கத்துக்கு வெளியுறவும் ராணுவமும் சம்பந்தமில்லாத விஷயம் என்று இனிமேலும் இருக்க முடியாது.

அடுத்த தடவை தொலைக்காட்சியில் ஒரு விமானம் இறங்கும்போது கை தட்டுகிறவர்கள் தட்டட்டும். நீங்கள் விலையைக் கேளுங்கள். விலையைச் சொன்னால், எத்தனை நாள் கூலி என்று கேளுங்கள். அதையும் சொன்னால், யாருடைய கூலி என்று கேளுங்கள்.